போர்க்காலமும் கலந்தாலோசனையும்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இன்று நாம் ஏறி இறங்கும் கட்டடம் 2021 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அது எழும்பிய காலத்தில் திருச்சி மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில்தான் மீண்டும் வாக்களித்தோம். தரைக்கடை போட்டிருந்தவர்கள் எங்கே போவார்கள், பயணிகளுக்கு நிழல் எங்கே வேண்டும் என்று கேட்க வார்டுக்கு ஒருவர் இல்லாமலே வேலை முடிந்தது. இத்தனைக்கும் நம் நாட்டில் அப்போது போர் ஏதுமில்லை. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்றே ஆண்டுகள் கழிந்தன.

போர் நடக்கும் நாட்டிலோ இதைவிடப் பெரிய காரணம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. முதலில் அமைதி வரட்டும், உள்ளாட்சி பிறகு என்பார்கள். இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய இலங்கையைப் பார்த்தால் போதும்.

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பரில் 13-ஆவது திருத்தத்தின் வழியே மாகாண சபைகள் பிறந்தன. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாணத்துக்கு இந்திய அமைதிப்படையின் காவலில் தேர்தல் நடந்தது. வடக்கில் போட்டியே இல்லை. கிழக்கில்தான் மக்கள் வாக்களித்தனர். மொத்தம் 71 இடங்களில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 பெற்றது. ஆனால் 1990 மார்ச்சில் அமைதிப்படை வெளியேறியதும் அந்தச் சபையும் சரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் இரண்டே மணி நேரம்தான் கொடுக்கப்பட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர்.

சபை நிலைத்திருந்தால் இவை நடந்திருக்கா என்று சொல்ல நாம் துணியவில்லை. ஆனால் கொழும்பிலிருந்து இறங்கிய அதிகாரம் மக்களைச் சேரும் முன்பே ஆயுதம் வைத்திருந்தோர் கைக்குப் போயிற்று என்பதை மறுக்க முடியாது. சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழ்வோருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

போர் 2009 மே மாதம் முடிந்தது. வடமாகாண சபைக்கு 2013 செப்டம்பரில்தான் முதல் தேர்தல் நடந்தது. 2018-இல் அதன் காலமும் முடிந்தது. 2019-க்குள் ஒன்பது மாகாண சபைகளும் காலாவதியாகி நிர்வாகம் ஆளுநர்களிடம் போனது. புத்தளத்திலிருந்து ஊர் திரும்பியவருக்குக் காணி, வீடு, பாதை எல்லாவற்றிலும் உள்ளூரில் பேச ஆள் வேண்டும். போர் போன பின்னும் போர் பழக்கிவிட்ட வழக்கம் போகவில்லை!

போரின் நடுவே அதிகாரத்தைக் கீழே இறக்கவே முடியாது என்பதும் உண்மையன்று. உக்ரைனில் 2014-இல் கிழக்கே போர் மூண்ட அதே ஆண்டில் சீர்திருத்தம் தொடங்கிற்று. சிற்றூர்ச் சபைகள் ஒன்றிணைக்கப்பட்டு, வருமான வரியில் பெரும்பங்கு அவற்றுக்கே விடப்பட்டது. போர்முனையை ஒட்டிய பல ஊர்களில் இராணுவ நிர்வாகம் வந்தது மெய்யே. அதற்காக நாடு முழுவதும் கைவிடப்படவில்லை.

நமக்கு இதில் தெளிவான முன்மாதிரி உண்டு. உஹதுப் போருக்கு முன் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ள விரும்பினார்கள். வெளியே சென்று போரிட வேண்டும் என்றோரே மிகுதியாக இருந்ததால் அதன்படியே புறப்பட்டார்கள். அன்று இழப்பு கடுமையாக இருந்தது. அதன் பின் அருளப்பட்ட ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆவது வசனம், தோழர்களுடன் தொடர்ந்து கலந்தாலோசிக்குமாறே கட்டளையிட்டது. ஆலோசனையின் முடிவு கசந்தபோதும் ஆலோசனை நிறுத்தப்படவில்லை. (தேர்தலின்றி ஆண்டுக்கணக்கில் ஒரே நிர்வாகம் நீடிக்கும் நம் மஹல்லாக்கள் சிலவும் இவ்வசனத்தை ஜும்ஆவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.)

திருச்சி மாவட்டத்தின் ஊராட்சித் தலைவர்களுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தனர். போர் எதுவுமில்லாத ஊரில் இதற்கு என்ன காரணம் என்று, சத்திரத்தில் பேருந்துக்கு நிற்கும் நாம்தான் கேட்க வேண்டும்.