கற்பித்தவர்களுக்கு ஒரு பதிவேடு

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்



தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்படும் கல்வித் திட்டங்களில் கற்றவர்களின் எண்ணிக்கையும் மையங்களின் எண்ணிக்கையும் செலவிட்ட தொகையும் ஒழுங்காகப் பதிவாகின்றன. ஆனால் கற்பித்தவர்கள் அத்திட்டத்தால் என்னவாக மாறினார்கள் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் ஒரு பதிவேடு வைக்கப்படுவதில்லை. இது எழுத்தர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த விடுபாடு அன்று. தன்னார்வலரைத் திட்டத்தின் கருவியாக மட்டுமே காணும் ஒரு பார்வையிலிருந்து பிறந்த விடுபாடு அது என்பதும், அப்பார்வை மாறினால் தங்கள் துறையின் கையில் இருக்கும் மிகப் பெரிய சமூக வளம் எது என்பது விளங்கும் என்பதும் இம்மடலின் கருத்து.

தன்னார்வத் தொண்டு என்ற சொல் கூலி பெறாத உழைப்பைக் குறிப்பதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கூலியின்மை அதன் புறத்தோற்றம் மட்டுமே. ஆணையிடும் அதிகாரமோ தண்டிக்கும் உரிமையோ இல்லாத ஒருவர், வரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாத மற்றவர்களை நாள்தோறும் ஓரிடத்தில் கூட வைக்கிறார் என்பதே அதன் அகம். ஆசிரியருக்கு வருகைப்பதிவு உண்டு. வட்டாட்சியருக்குச் சட்டம் உண்டு. மாலை ஏழு மணிக்கு ஒரு திண்ணையில் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்குப் பேச்சும் பொறுமையும் தவிர வேறொன்றும் இல்லை. தலைமைப் பண்பு என்று மேலாண்மை நூல்கள் பல அதிகாரங்களில் விளக்க முயல்வது, அந்தத் திண்ணையில் ஆள் வராத முதல் வாரத்திலேயே பயிலப்படத் தொடங்குகிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே முழுமையான சான்று ஒன்று உண்டு. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்ட பின், கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. முழு எழுத்தறிவு என்பது, குறித்த வயதுக்கு உட்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் எழுதவும் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் வல்லவராதலைக் குறிக்குமேயன்றி, எழுதப்படிக்கத் தெரியாதவர் ஒருவர்கூட எஞ்சவில்லை என்பதைக் குறிக்காது. எர்ணாகுளத்தின் முன்மாதிரியைப் பின்பற்றி 1991இல் புதுக்கோட்டையில் எழுந்ததே அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தோரும், ஆயிரக்கணக்கான ஊதியமில்லாத் தொண்டர்களும் சேர்ந்து நடத்திய அந்த இயக்கத்தின் விளைவாக, 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்போடு அரசின் கணக்கு முடிந்துவிட்டது.

அதற்குப் பின்னும் முடியாமல் நீண்டது வேறொரு கணக்கு. பேருந்து நாளைக்கு இரண்டு முறை மட்டும் எட்டிப் பார்க்கும் ஊர்களுக்குத் தொண்டர்கள், குறிப்பாகப் பெண் தொண்டர்கள், எப்படிப் போய் வருவது என்ற நடைமுறைச் சிக்கலுக்குத் தீர்வாக இயக்கம் சைக்கிளைக் கையிலெடுத்தது. பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பயிற்சி முகாம்கள் நடத்தப்பட்டன. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள் அம்மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டியதாக இதழாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவில் கிடைக்காதபோது அவர்கள் ஆண்களுக்கான சைக்கிளை வாங்கினர் என்றும், அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினர் என்றும் அவர் தரும் செய்தி, எந்த மதிப்பீட்டு அறிக்கையைவிடவும் தெளிவானது. தொண்டரின் பயண வசதிக்காக வந்த ஒரு பொருள் தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் பிள்ளையையும் சுமக்கத் தொடங்கியதும், பெண் யாருக்காகவும் காத்திராமல் ஊரெல்லையைத் தாண்டினாள். சமூக மாற்றம் என்ற பெருஞ்சொல்லுக்கு இதைவிடச் சிறிய, கைக்கு அடங்கும் விளக்கம் அரிது. ஆணையாகப் பிறப்பித்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது ஐயமே; பக்கத்துத் தெருப் பெண் கேலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்காட்டியதாலேயே நடந்தது.

கையெழுத்தின் கதையும் இதை ஒத்ததே. புதுக்கோட்டை அறிவொளியை ஆராய்ந்து 2013இல் நூலாக வெளியிட்ட மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி, எழுத்துக் கற்ற பெண்கள் ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளன்று, பெருவிரல் ரேகைக்கு மாற்றாகத் தங்கள் பெயரை எழுதி மனுக் கொடுத்ததை நுணுக்கமாக விவரிக்கிறார். கையெழுத்திட்ட அளவிலேயே கோரிக்கை நிறைவேறிவிடவில்லை என்பதையும், எழுத்து தானாக விடுதலை தந்துவிடும் என்ற இயக்கத்தின் நம்பிக்கைக்கு எல்லைகள் இருந்தன என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை. ஆயினும் மனுவை எப்படி எழுதுவது, எந்த மேசையில் கொடுப்பது, பதில் வராவிட்டால் அடுத்து யாரைப் பார்ப்பது என்ற அறிவு ஊரில் தங்கிவிட்டது. அது தங்கிய இடங்களுள் முதன்மையானது தொண்டரே. அஞ்சல் துறையில் பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலாக எழுதியிருப்பது, கற்பிக்கப் போனவர் கற்றுத் திரும்புவதே இவ்வியக்கத்தின் இயல்பு என்பதற்கு இன்னொரு சான்று.

எழுத்தறிவு மையம் தன் எல்லையை மீறும் என்பதை ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் இன்னும் உரக்கச் சொன்னது. எழுத்தறிவுப் பாடநூலில் இருந்த, சாராயத்தை எதிர்த்து ஒன்றுசேரும் பெண்களைப் பற்றிய கதை தூபகுண்டா ஊர்ப் பெண்களைச் சாராயக் கடைக்கு எதிராகத் திரட்டியது. 1992இல் மாவட்டமெங்கும் பரவிய அப்போராட்டம் 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயத் தடைக்கும், 1995இல் முழு மதுவிலக்குக்கும் வழிவகுத்தது. 1997இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது உண்மையே. எனினும் மாலை வகுப்பொன்று மாநிலத்தின் வருவாய்க் கொள்கையையே சில ஆண்டுகள் மாற்றி வைத்தது என்பது, தன்னார்வலர் திட்டங்களை வகுக்கும் எந்த அதிகாரியும் மகிழ்ச்சியோடும் சற்றே அச்சத்தோடும் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

இப்பின்னணியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைக் காண வேண்டும். பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடலால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், பெரும்பாலும் பெண்களாகிய ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையுடன், மாலை வேளையில் தத்தம் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினர். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு, இழந்த கற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அம்மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கணித்தது. துறை பெருமைப்படத்தக்க முடிவு இது. ஆனால் இந்த ஆய்வும் அளந்தது பிள்ளைகளையே. பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்து, திருமணத்துக்குப் பின் வீட்டோடு இருந்த ஒரு பெண், இரண்டு ஆண்டுகள் தெருவின் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றபின், ஊராட்சியின் கிராம சபையில் எழுந்து பேசினாரா, பள்ளியின் குறையைக் கேட்டாரா, மேற்படிப்புக்கோ வேலைக்கோ போனாரா என்பது அரசுக்குத் தெரியாது. கேட்கப்படாததால் தெரியாது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக ஏற்க வேண்டும். தன்னார்வம் என்ற சொல் மலிவான உழைப்புக்கு இட்ட அழகிய பெயராகவும் இந்நாட்டில் வழங்கி வந்திருக்கிறது. 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் பணியாளர்கள் பல பத்தாண்டுகள் மதிப்பூதியம் பெறும் கௌரவப் பணியாளர்கள் என்றே அழைக்கப்பட்டனர். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நிரந்தரமாகத் தேவைப்படும் பணிக்கு நிரந்தரப் பணியாளரை அமர்த்துவதே அரசின் கடமை. ஆசிரியர் பணியிடத்தைத் தன்னார்வலரால் நிரப்புவது தொண்டும் ஆகாது, தலைமைப் பயிற்சியும் ஆகாது. மலிவான உழைப்பையும் உண்மையான தொண்டையும் பிரித்தறிய எளிய உரைகல் ஒன்று உண்டு: தன்னார்வலர் தம் பணியில் எதையேனும் முடிவு செய்கிறாரா, அல்லது முடிவு செய்யப்பட்டதை நிறைவேற்றுகிறாரா? மையம் எங்கே கூடுவது, ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் இடத்தில் இரு பக்கத்துப் பிள்ளைகளும் வரத்தக்க இடம் எது, வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது ஆகிய கேள்விகள் அவரிடம் விடப்பட்டால் அவர் தலைவராகிறார். செயலியில் வருகையைப் பதிவு செய்வதும் அனுப்பப்பட்ட பாடத்தை அனுப்பிய வரிசையில் நடத்துவதும் மட்டுமே அவரிடம் விடப்பட்டால், 1,000 ரூபாய் மிகக் குறைந்த கூலி.

தங்கள் துறையிடம் கோரப்படுபவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. தன்னார்வலர்கள் ஒன்றிய அளவில் மாதம் ஒருமுறை தாமே கூடவும், அங்கு எழும் தீர்மானங்களுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் எழுத்தில் விடையளிக்கவும் ஒரு நடைமுறை வேண்டும். அறிவொளித் தொண்டர்கள் வளர்ந்தது இத்தகைய கூட்டங்களில் ஒருவரையொருவர் கண்டதாலேயே. அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு இடங்களைப் பெற்றோருக்கும் பாதி இடங்களைப் பெண்களுக்கும் உறுதி செய்கிறது. தன்னார்வலருக்கெனத் தனி இடத்தைச் சட்டம் குறிப்பிடவில்லை என்றாலும், அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துக் கருத்துக் கேட்பதைச் சட்டம் தடுக்கவும் இல்லை. அழைப்பதற்குச் சுற்றறிக்கை ஒன்று போதும்.

மூன்றாவது கோரிக்கை மடலின் தொடக்கத்தில் சுட்டிய பதிவேடு. வயது வந்தோருக்கு எழுத்தறிவளிக்க 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் ஊதியமில்லாத் தன்னார்வலரையே நம்பி நடப்பதால், அதற்கும் இது பொருந்தும். அப்பதிவேட்டில் மதிப்பெண் வேண்டாம், தரவரிசை வேண்டாம், சிறந்த தன்னார்வலர் விருதும் வேண்டாம். பணியை விட்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒவ்வொருவரையும் ஒருமுறை தேடிச்சென்று, இப்போது என்ன செய்கிறார், ஊரில் எதற்காகத் தம்மைத் தேடி வருகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, கீழே அவருடைய கையெழுத்தைப் பெற்றால் போதும்.