ஊர்தோறும் சென்ற ஆலோசகர்

ஊர் ஊராய்ச் சென்று ஆலோசனை கூறும் உத்தியோகத்தில் நம் மாணவர் பலருக்கு மோகம் உண்டு. பிரயாணச் செலவு பிறருடையது. சென்ற இடமெங்கும் வரவேற்பு. அவ்வாறு எண்ணுவோர் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் அவர்களின் இந்திய யாத்திரையைச் சிறிது நோக்குதல் நலம்.

நகரமைப்புப் பற்றி ஆலோசனை கூற 1914 இல் சென்னை ஆளுநரின் அழைப்பை ஏற்று வந்தபோது அவருக்கு வயது அறுபது. நம்மவர் ஓய்வூதியத்தைக் கணக்கிடும் பருவம்! பல்லாண்டு சேர்த்த வரைபடங்களும் படங்களும் வேறொரு கப்பலில் வந்தன. அதை எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. (கெட்டிக்காரச் சூழ்ச்சியாளனை நாம் 'எம்டன்' என்பது இக்கப்பலின் பெயரால்தான்.) நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 சனவரியிற் சென்னையிற் கண்காட்சி நடத்தினார்.

சென்ற ஊர்களிலெல்லாம் வரைபடமும் கையுமாகச் சந்துபொந்துகளில் நடந்தார். நெருக்கமான குடியிருப்பை ஊடறுத்து அகன்ற வீதி போடுவதே அக்காலத்துப் பொறியியலாளர் கண்ட மருந்து. தஞ்சாவூரிலே கெடிஸ், இடிந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்வெளியில் மரம் நட்டு, ஏனையவற்றைக் காக்கலாம் என்றார். செலவும் குறைவு, வீடிழப்போரும் குறைவு. ஊரவர் கண்ணுக்குப் பழகி மறைந்தது வந்தவர் கண்ணிற் படுகிறது. ஆனால் அதிகாரம் அவர் கையில் இல்லையே! அறிக்கையைக் கொடுத்துவிட்டு அவர் ரயிலேறியதும், அவர் குறைகூறிய அதே அதிகாரிகளிடம் அது போய்ச் சேரும். இந்தியாவில் எழுதிய ஏறத்தாழ ஐம்பது அறிக்கைகளிற் பெரும்பாலானவை நிறைவேறவில்லை.

அதுகூடப் பொறுக்கத்தக்கது. 1917 இல், துணையாக வந்திருந்த மனைவி அன்னா நோயுற்றுக் கிடக்கையில், மூத்த மகன் பிரான்ஸ் போர்முனையில் மாண்ட செய்தி வந்தது. கெடிஸ் அதை மனைவிக்குச் சொல்லவில்லை. மகன் எழுதிய கடிதங்களையே வாசித்துக் காட்டினார். உண்மையை அறியாமலே அன்னா கண்மூடினார்.

அதன் பின் இந்தூர். கொள்ளைநோயால் வருந்திய அந்நகரில் மகாராஜா அவரை ஒரு நாள் அரசராக்கினார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியை விட்டு, நன்கு துப்புரவாக்கிய தெருக்கள் வழியே செல்லும் என்று கெடிஸ் அறிவித்தார். வீட்டுக்கு வீடு கூட்டலும் மெழுகலும்; வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறிற்று. இறுதியில் நோய் பரப்பும் பேரெலியின் உருவம் எரிக்கப்பட்டது. அபராதத்தால் ஆகாதது திருவிழாவால் ஆயிற்று. அதைக் காண அன்னா உடனில்லை.

கொழும்புக்கும் 1921 இல் ஓர் அறிக்கை எழுதினார். பெருமளவு நிறைவேறியதோ 1925 இல் டெல் அவிவ் நகருக்கு அவர் வரைந்த திட்டம். அப்போது அவருக்கு வயது எழுபது.