முழங்கால் வலியும் படப் பித்தும்

முழங்கால் வலியென்று வைத்தியரிடம் போகின்ற நம் மக்களில் பலர், "எப்போது வலிக்கின்றது? எங்கே வலிக்கின்றது?" என்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்வதைவிட, "படம் எடுக்க வேண்டாமா?" என்று கேட்பதிலேயே அதிக அக்கறை காட்டுகின்றார்கள். படமெடுக்காமல் அனுப்பிவிட்டால் அவர் கெட்டிக்கார வைத்தியரல்ல என்பதும், எக்ஸ்ரேயைவிட எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பணம் அதிகம், ஆதலால் அதுவே மேல் என்பதும், படித்தவர் பாமரர் இருவருக்குமே பொதுவான நம்பிக்கையாகிவிட்டது. இந்நம்பிக்கைக்கு ஆதாரமுண்டா என்பதைச் சற்று ஆராய்வோம்.

நாம் இக்கருவிகளுக்கு விரோதிகளல்ல. 1895-ம் வருஷத்தில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்னும் விஞ்ஞானி எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து, தம் மனைவியின் கையையே படமெடுத்து, எலும்பையும் மோதிரத்தையும் உலகத்தாருக்குக் காட்டினார். அதற்குக் காப்புரிமைகூட வாங்காமல் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிட்டார். அப்பேர்ப்பட்ட சாதனத்தை வேண்டாமென்று சொல்ல நமக்கென்ன பைத்தியமா? எந்தக் கருவியும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு உபயோகிக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும்; தேய்கின்ற குருத்தெலும்பு அதில் தெரியாது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி குறைந்திருப்பதையும், ஓரத்தில் எலும்பு முளைத்திருப்பதையும் கொண்டுதான் தேய்மானத்தை ஊகிக்கின்றார்கள். அந்த இடைவெளியும் நின்றுகொண்டு எடுத்த படத்தில்தான் சரியாகத் தெரியும். கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இருவர் 1957-ல் இத்தேய்மானத்தை 0 முதல் 4 வரை படிகளாகப் பிரித்தார்கள். இன்றும் அதுவே வழக்கத்திலிருக்கின்றது. ஆனால் படத்தின் படியும் வலியின் படியும் ஒன்றல்ல. நாலாம் படியிலிருப்பவர் வயலுக்குப் போய் வருவதுமுண்டு. முதற்படியிலிருப்பவர் திண்ணை ஏறமுடியாமல் தவிப்பதுமுண்டு.

"எம்.ஆர்.ஐ.தான் ஜவ்வையும் குருத்தெலும்பையும் காட்டுமே" என்பீர்கள். காட்டத்தான் காட்டும், வேண்டாததையும் சேர்த்துக் காட்டுவதுதான் சங்கடம். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 50 வயது முதல் 90 வயது வரையுள்ள 991 பேரை, வலியுள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் படமெடுத்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டு ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு, முந்திய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியுமில்லை, பிடிப்புமில்லை! வயதானால் தலை நரைப்பதுபோல ஜவ்வும் நைகின்றது. நரைக்கு யாராவது ஆபரேஷன் செய்கின்றார்களா?

நிற்க. தேய்ந்த மூட்டுக்குள் குழாய்விட்டுக் கழுவிச் சுரண்டும் ஆபரேஷன் ஒரு காலத்தில் மும்முரமாய் நடந்தது. அமெரிக்காவில் 180 நோயாளிகளை வைத்துப் பரீட்சை செய்து, சிலருக்குத் தோலை மாத்திரம் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வருஷங் கழித்துப் பார்த்ததில், உள்ளே சுரண்டப்பட்டவர்கள் இவர்களைவிட ஒன்றும் மேலாயிருக்கவில்லை என்று 2002-ல் தெரியவந்தது.

பணம் போவது ஒருபுறமிருக்கட்டும். "எலும்போடு எலும்பு உரசுகின்றது" என்று சொல்லக்கேட்ட கூலிக்காரத் தாய், நடந்தால் இன்னும் தேயுமென்று பயந்து மூலையில் உட்கார்ந்துவிடுகின்றாள். உட்கார உட்காரத் தொடைச் சதை இளைக்கின்றது. சதை இளைக்க இளைக்க வலி கூடுகின்றது. அவளை முடமாக்கியதில் மூட்டுக்குள்ள பங்கு பாதி. படம் உண்டாக்கிய பயத்துக்குள்ள பங்கு பாதி. ஜாதகக் கட்டத்தைப் பார்த்து ஆயுளை நிர்ணயிப்பதற்கும், படத்தை மாத்திரம் பார்த்து ஆளைப் பாராமல் விடுவதற்கும் என்ன வித்தியாசம்?

அப்படியானால் படம் யாருக்கு வேண்டும்? 45 வயதுக்கு மேற்பட்டவருக்கு, வேலை செய்தால் வலித்து, காலையில் விறைப்பு இல்லாமலோ அரைமணிக்குள் நீங்கியோ இருக்குமானால், படமில்லாமலே தேய்மானமென்று தீர்மானிக்கலாமென்று இங்கிலாந்தின் 2022-ம் வருஷத்து வைத்திய விதிகள் கூறுகின்றன. ஆனால் கீழே விழுந்து அடிபட்டாலும், மூட்டு திடீரென்று வீங்கிச் சுட்டாலும், காய்ச்சல் கண்டாலும், ஓய்விலும் இரவிலும் வலி விடாவிட்டாலும், மூட்டு சிக்கிக்கொண்டு நீட்டமுடியாமற் போனாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அங்கே படத்துக்கு வேலையுண்டு. மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முன்னும் படம் அவசியந்தான். மற்றவருக்குத் தொடைச் சதையைப் பலப்படுத்தும் பயிற்சியும், நடையும், கூடுதல் எடையைக் குறைப்பதுமே முதல் மருந்து. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைவதாக அளந்து பார்த்திருக்கின்றார்கள்.

ஆதலால் தோழர்களே! அடுத்த முறை படமெடுக்கச் சொன்னால், "இதனால் என் சிகிச்சை மாறுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மாறுமென்றால் தாராளமாய் எடுங்கள். மாறாதென்றால் அந்தப் பணத்தை வயிற்றுக்குச் செலவிடுங்கள். படம் தலையெழுத்தல்ல, அது ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது எந்தக் கோர்ட்டிலும் நியாயமாகாது.