தெரிந்தவர்களின் வாசல்

நான் தினமும் ரயில் ஏறும் ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. பெயர்ப்பலகை, டிக்கெட் கவுன்ட்டர், எதிரே டீக்கடை, ஷேர் ஆட்டோ. இன்னொன்று தெற்குக் கோடியில், பிளாட்ஃபாரம் சரிந்து தரையைத் தொடும் இடத்தில், காம்பவுண்டுச் சுவரில் இருக்கும் ஆளுயர இரும்பு கேட். ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று யாரோ ஒருகாலத்தில் எழுதியிருக்கிறார்கள். மழையில் அழிந்து அழிந்து இப்போது ‘மட்டும்’ மட்டும்தான் பாக்கி. காலையில் முதல் ஷிஃப்ட் ஆள் வந்து திறப்பார், ராத்திரி யாராவது பூட்டுவார்கள். அந்த வழியாக வந்தால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டியதில்லை. கேட்டைத் தாண்டினால் நேரே பிளாட்ஃபாரம்.

எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். சென்னைப் புறநகர்த் தடங்களில் ஒன்றில் இருக்கிறது, அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் பூட்டிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. ஏன் ‘இருந்தது’ என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. பன்னிரண்டு பெட்டி மின்சார ரயில் என்றால் ஒரு பெட்டிக்கு இருபது மீட்டர் சொச்சம் வைத்து, பிளாட்ஃபாரம் குறைந்தது 250 மீட்டர் நீளம் வேண்டும். அதிகாரபூர்வ வாசல் வடக்குக் கோடியில். குடியிருப்புகள் எல்லாம் தெற்கே. கடைசிப் பெட்டியிலிருந்து இறங்குகிற ஒருவர் கேட் வழியாகப் போனால் முப்பது அடியில் தெருவில் நிற்பார். கேட் இல்லை என்றால் 250 மீட்டர் வடக்கே நடந்து, வெளியே வந்து, அதே தூரத்தைச் சுவருக்கு அந்தப்புறமாகத் திரும்ப நடக்க வேண்டும். இடையில் ஒரு கால்வாயைச் சுற்ற வேண்டியிருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். எனக்கு ஒன்பது நிமிடம். மூட்டுவலிக்காரருக்கு எவ்வளவு நேரம் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

நான் எட்டு வருடங்களாக அந்த கேட்டில் போய்வருகிறேன். கழுத்தில் தொங்கும் ஆபீஸ் டேக்தான் என் பாஸ்போர்ட் என்பது ரொம்ப நாள் எனக்கே உறைக்கவில்லை. ஒருநாள் காலை எட்டே முக்கால் இருக்கும். நான் உள்ளே நுழைகிறேன். கேட் ஓரம் நின்றிருந்த ஊழியர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். அதே நேரம் உள்ளேயிருந்து ஒரு அம்மா வெளியே வர முயல்கிறார். கையில் ஒயர்கூடை. பின்தெரு அபார்ட்மென்ட்களுக்கு வீட்டுவேலைக்கு வருபவர், தினமும் பார்க்கிற முகம். ஊழியர் கையை நீட்டி மறித்தார்.

“இது ஸ்டாஃப் வழிம்மா. சுத்திப் போ.”

“அவரு மட்டும் போறாரு?”

“சார் டெய்லி பாசஞ்சர்.”

“நான் என்ன வருஷத்துக்கொருதபா வரேனா?”

ஊழியரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ரயில் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். அந்த ஊழியரைத் திட்டி இதை எழுதவில்லை. அவர் கெட்டவர் கிடையாது. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று அவருக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதப்படாத இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் தானாக வேலை செய்யும். இன் செய்த சட்டை உள்ளே, ஒயர்கூடை வெளியே. ‘நீங்க’ உள்ளே, ‘நீ’ வெளியே.

இந்தக் கதையை ஆபீஸில் சொன்னபோது ஒரு நண்பர் உடனே சொன்னார்: “நம்ம ஜனங்களுக்கு சிவிக் சென்ஸ் கிடையாது மச்சான். வழி இருந்தாலும் குறுக்கால தான் போவாங்க.” இந்த வாக்கியத்தை நீங்களும் ஆயிரம் முறை கேட்டிருப்பீர்கள். சிங்கப்பூர், ஜப்பான் எல்லாம் அடுத்து வரும். இதற்கு என் பதில் ஒன்றே ஒன்றுதான். அந்த கேட்டை வைத்தது யார்? ரயில்வே. அதில் முதலில் போய்வந்தது யார்? ரயில்வே ஊழியர்கள். ரயில் விதிகளை வேறு எவரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள், தண்டவாளத்தின் ஆபத்தைத் தினமும் பார்க்கிறவர்கள். அவர்களே முன்வாசலைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. அப்படியென்றால் பிரச்சினை ஜனங்களின் ஒழுக்கத்தில் இருக்கிறதா, வாசலை வைத்த இடத்தில் இருக்கிறதா?

என் தொழிலில் இதைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். கம்பெனி ஒரு சாஃப்ட்வேரை வெளியிடும். எட்டு ஸ்க்ரீன் தாண்டித்தான் ஒரு வேலையை முடிக்க முடியும் என்று பயனருக்குக் கையேடு சொல்லும். அதை எழுதிய எங்களுக்கோ உள்ளுக்குள் ஒரு குறுக்குவழி இருக்கும், ஒரே க்ளிக். கையேட்டு வழியில் நாங்கள் ஒருநாளும் போனதில்லை. போயிருந்தால் முதல் வாரமே சரிசெய்திருப்போம். ஊழியர் வாசலின் உண்மையான தீமை இதுதான். ஸ்டேஷன் எவ்வளவு மோசமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது, அதை மாற்றும்படி மேலே சொல்லக்கூடியவர்களின் கால்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஊழியர்களுக்கென்று தனி வழியே கூடாது என்று சொல்லவில்லை. சிக்னல் ரிலே அறைக்கும் மின் அறைக்கும் யாரும் நுழையலாம் என்றால் மறுநாள் ரயில் ஓடாது. நான் சொல்வது தெருவுக்கும் பிளாட்ஃபாரத்துக்கும் நடுவிலிருக்கும் கதவுகளை மட்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைப் பிரித்து வைக்க வேண்டும். அதிகாரிகளும் செய்தித்தாள்களும் இரண்டு விஷயங்களை ஒரே சொல்லில் கட்டிவிடுகிறார்கள்: அத்துமீறல். ஒன்று, தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது. மற்றொன்று, தண்டவாளத்தைத் தொடாமல் சுவரிலிருக்கும் வேறொரு திறப்பு வழியாகப் பிளாட்ஃபாரத்துக்கு வருவது. முதலாவது ஆளைக் கொல்லும். அதில் எனக்கு எந்த ரொமான்ஸும் இல்லை. 2012இல் அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு, தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்ததாகக் கணக்கெழுதப்பட்டு ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் சாகிறார்கள் என்றது. அதில் சுமார் 6,000 பேர் மும்பை புறநகர்த் தடங்களில் மட்டும். எந்த நாகரிகச் சமூகமும் ஏற்க முடியாத படுகொலை என்கிற அளவுக்குக் கடுமையாகவே அந்த அறிக்கை பேசியது. ஜனங்களுக்குப் புத்தி இல்லை என்று அது முடித்துக்கொள்ளவில்லை. கடந்துபோக வழி கட்டிக் கொடுங்கள் என்றது.

ஏன் மக்கள் மேம்பாலத்தில் ஏறுவதில்லை? இதிலும் ஒழுக்கத்தை இழுக்க வேண்டாம், உயரத்தைப் பாருங்கள். மின்சார ரயிலின் கம்பி தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரத்தில் போகிறது. நடைமேம்பாலம் அதற்கும் மேலே இடைவெளி விட்டுத்தான் நிற்க முடியும். ஏறுவதற்கு நாற்பது படிக்குக் குறையாது, இறங்க இன்னொரு நாற்பது. சுரங்கப்பாதைக்கு அதைவிடக் குறைந்த ஆழம் போதும், மனித உயரம்தானே. (மழைக்காலத்தில் நம் சுரங்கப்பாதைகளில் படகு விடலாம் என்பது வேறு கதை.) நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்கு என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே பிளாட்ஃபாரக் கோடியில் பார்சல் வண்டி தண்டவாளத்தைக் கடக்கச் சமதளமாக ஒரு பாதையும் போட்டு வைத்திருக்கிறோம். பல பெரிய ஸ்டேஷன்களில் சக்கர நாற்காலியையும் அதில்தான் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மீன்கூடையால் படி ஏற முடியாது என்பது நிர்வாகத்துக்குப் புரிந்திருக்கிறது.

ஸ்டேஷன் சுவர்களில் ஒரு சட்டப்பிரிவைப் பார்த்திருப்பீர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், பிரிவு 147. அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தில் 16 என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாதை போட்டதால் இருபுறமும் நிலம் வைத்திருப்பவர்கள், குடியிருப்பவர்கள் ஆகியோரின் போக்குவரத்து தடைப்பட்டால் கடவைகள், பாலங்கள், வழிகள் கட்டிக்கொடுப்பது ரயில்வேயின் கடமை என்கிறது அது. ஸ்டேஷனுக்கு வாசல் வைப்பது பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதன் அடிப்படை என்ன? ஊரை இரண்டாகக் கிழித்தவன் தைத்தும் கொடுக்க வேண்டும் என்பதுதானே. 147 எல்லாச் சுவரிலும் இருக்கிறது. 16ஐ நான் ஒரு சுவரிலும் பார்த்ததில்லை.

அடுத்து வரும் வாதம் வருமானம். வாசல்களை அதிகப்படுத்தினால் டிக்கெட் எடுக்காமல் நுழைவார்களாம். சென்னை புறநகர் ரயில் மெட்ரோ மாதிரி தடுப்புக் கதவு வைத்த அமைப்பு கிடையாது. முன்வாசலிலேயே டிக்கெட் இல்லாமல் யாரும் நடந்து உள்ளே போகலாம். மாட்டுவது பரிசோதகரிடம்தான். என்னைப் போல சீசன் டிக்கெட் வைத்திருப்பவன் கவுன்ட்டர் பக்கமே போவதில்லை. செல்போனில் டிக்கெட் எடுக்கும் வசதி இங்கே வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. கவுன்ட்டரைச் சுற்றி ஸ்டேஷனைக் கட்டிய காலத்து நியாயத்தை, கவுன்ட்டருக்கே வேலை குறைந்த பிறகும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வழி ஒன்றே ஒன்று, அதுவும் குறுகியது என்றால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ஒன்றே போதும். 2017 செப்டம்பர் 29. காலை நேரம், திடீர் மழை, நடைமேம்பாலப் படியில் கூட்டம் ஒதுங்கி நின்றது. அடுத்தடுத்து வந்த ரயில்களின் கூட்டமும் அதே படியில் ஏறியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நசுங்கிச் செத்தார்கள். அந்தப் பாலம் போதாது என்று அதில் தினமும் நடந்தவர்களுக்கு வருடக்கணக்காகத் தெரியும். சாவுக்குப் பிறகு ராணுவத்தை வரவழைத்தார்கள். 2018 பிப்ரவரியில் புதுப் பாலம் திறந்தாகிவிட்டது. ஐந்தே மாதம். ஆக, பாலம் கட்டுவது முடியாத காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை.

நம் ஊரிலும் உதாரணங்கள் இருக்கின்றன. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023இல் ஆகாய நடைபாதை திறந்தார்கள், அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதே ஆண்டின் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம் ரயில் ஓடுகிறது, அதில் நிற்க அப்போது ஸ்டேஷன் இல்லை. பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கியவர்கள் கண்ணுக்கு எதிரே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போனார்கள். கட்டிடம் முதலில், வழி பிறகு என்கிற வரிசை நமக்கு ரத்தத்தில் ஊறியது.

இதுவரை நிர்வாகத்தைத் திட்டியாகிவிட்டது. அது சுலபம். இனி நம் பக்கம்.

குறுக்குவழி தெரிந்தவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. நிறைய பேருக்குத் தெரிந்தால் மூடிவிடுவார்கள் என்பதே காரணம். தெரிந்த நாலு பேருக்குள் வைத்துக்கொள்வோம், ‘ஹேக்’ என்று பெயர் வைத்துப் பெருமைப்படுவோம். எந்தப் பெட்டியில் ஏறினால் எந்தப் படிக்கட்டு எதிரே இறங்கலாம் என்பது வரை எனக்கு மனப்பாடம். அது அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்தால் அது லஞ்சம். கட்டிடம் எனக்குக் கொடுத்த லஞ்சம். ஒன்பது நிமிடத்தை எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்து என் வாயை அடைத்துவிட்டது. மின்னஞ்சல் எழுதத் தெரிந்த, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கத் தெரிந்த, ட்வீட் போட்டால் நாலு பேர் பகிரக்கூடிய ஆட்கள் எல்லோரும் பச்சை கேட் வழியாகப் போய்விடுகிறோம். முன்வாசலில் மிஞ்சுவது, எழுதினாலும் யாரும் பதில் சொல்லாத ஆட்கள். அப்புறம் எப்படி முன்வாசல் மாறும்?

அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து ஒரு புகார் போட்டேன். இன்ன ஸ்டேஷனில், இன்ன இடத்தில் ஊழியர் கேட் இருக்கிறது, தண்டவாளத்தைக் கடக்க வேண்டியதில்லை, அதை எல்லோருக்கும் திறந்து ஒரு பலகையும் விளக்கும் வையுங்கள், சரிவுக்கு ஒரு கைப்பிடி போடுங்கள் என்று தெளிவாக எழுதினேன். போட்டோ, வரைபடம், மீட்டர் கணக்கு எல்லாம் வைத்தேன். பெரிய செலவில்லாத வேலை. ‘சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்தது. இரண்டு வாரத்தில் ஆள் வந்தார்கள். கேட்டுக்கு மேல் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டுப் போனார்கள். புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அந்த ஊழியரும் சுற்றித்தான் வருகிறார். “எவனோ படிச்சவன் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கான் சார்” என்றார் என்னிடம். தலையாட்டிவிட்டு நகர்ந்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய கேட்டிலிருந்து நாற்பது அடி தெற்கே சுவரில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. யாரோ செங்கலைப் பெயர்த்து, பெயர்த்த கல்லையே படியாக அடுக்கியிருக்கிறார்கள். அங்கே பிளாட்ஃபாரம் கிடையாது. சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஜல்லியில் ஒரு ஆள் நடக்கிற இடம், அவ்வளவுதான். முன்பு பிளாட்ஃபாரத்துக்குள் பத்திரமாக வந்தவர்கள் இப்போது ரயிலுக்குக் கையெட்டும் தூரத்தில் வருகிறார்கள். இதற்கு 147 நிச்சயமாகப் பொருந்தும். என் புகாருக்கு முன்னால் பொருந்தியதா என்பது சந்தேகம்.

போன வாரம் நான் பிளாட்ஃபாரச் சரிவில் நின்றிருந்தபோது அந்த அம்மா ரயிலிலிருந்து இறங்கி அந்தப் பக்கமாகப் போனார். ஜல்லியில் செருப்பு வழுக்கி நின்றார். பின்னால் தூரத்தில் எக்ஸ்பிரஸ் ஹார்ன் கேட்டது. நான் ஓடிப்போய்க் கூடையை வாங்கிக்கொண்டு கையைப் பிடித்தேன். ஓட்டையைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் மூச்சு வாங்கியபடி வெல்டிங் அடித்த கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“நல்லா இருந்த கேட்ட எந்தப் புண்ணியவான் மூடுனானோ.”

“தெரியலம்மா” என்றேன்.