சட்டத்தில் இருக்கிறது, கவுண்டரில் இல்லை

இங்கே புனே கேம்பில் மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று எதற்குச் சீட்டு நீட்டினாலும் மருந்து கிடைக்கும். புற்றுநோய் முற்றியவருக்கு எழுதித் தரும் மார்ஃபின் மாத்திரையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். நம் ஊர்ப் பக்கமும் இதே கதைதான். அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் சம்பாதிக்கும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் இதை எழுதுகிறேன்.

1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) வந்தது. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம் என்று அதன் 8-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் தப்பு செய்தால் குறைந்தபட்சம் பத்து வருடம் ஜெயில் என்றும் அதே சட்டம் சொன்னது. போதாததற்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி போட்டது. பல மாநிலங்களில் நாலைந்து லைசன்ஸ் வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். ஆஸ்பத்திரிகள் கைகழுவிவிட்டன. அடுத்த பன்னிரண்டு வருடங்களில் நாட்டில் மருத்துவ மார்ஃபின் உபயோகம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இத்தனைக்கும் மார்ஃபின் எடுக்கும் அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசாங்க ஆலையே இருக்கிறது!

வங்கியில் இருப்பவனுக்கு இது புதிதல்ல. படுத்த படுக்கையாகி, கையெழுத்துப் போட முடியாத பென்ஷன்தாரர், சாட்சிகள் முன்னிலையில் கைரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது. ஆனாலும் "ஆளை நேரில் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கொடுத்து ஏதாவது தப்பானால் விசாரணை வரும். கொடுக்காமல் திருப்பி அனுப்பினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மார்ஃபின் விஷயத்திலும் இதே கணக்குதான். மதுரைப் பக்கம் என் பெரியப்பா வாய்ப் புற்றுநோயில் போனார். கடைசி ஆறு வாரமும் சாதாரண வலி மாத்திரைதான். "அந்த மருந்தெல்லாம் நாங்க வைக்கிறதில்லைங்க, ரெக்கார்டு தொல்லை" என்றார் டாக்டர். அவரையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் கஞ்சா மருந்து விஷயத்தில் நடந்த கூத்தையும் பாருங்கள். 1996-லேயே கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு, நோயாளிகள் டாக்டர் யோசனைப்படி கஞ்சா உபயோகிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். மத்திய சட்டத்திலோ அது குற்றம். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்று 2005-ல் ஏஞ்சல் ரைச் என்ற நோயாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014 டிசம்பரில் அவர்கள் பாராளுமன்றம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. மாநிலங்களின் மருத்துவக் கஞ்சா சட்டங்களை முடக்க நீதித்துறை இலாகா ஒரு டாலர்கூடச் செலவழிக்கக் கூடாது என்று பட்ஜெட்டிலேயே ஒரு வரி சேர்த்தார்கள். ஆனால் அது அந்தந்த பட்ஜெட்டோடு முடிந்துவிடும், மறுபடி மறுபடி புதுப்பிக்க வேண்டும். ஓவர்டிராஃப்ட் லிமிட் மாதிரி! வருஷா வருஷம் ரின்யூவல் கேட்டு நிற்கிற பாதுகாப்பை நம்பி ஒரு நோயாளி எப்படி நிம்மதியாகத் தூங்குவார்?

அந்த 2014-ல் நாம் இதைவிட நல்ல காரியம் செய்தோம் என்பதில் எனக்குப் பெருமைதான். பிப்ரவரியில் பாராளுமன்றம் என்.டி.பி.எஸ். சட்டத்தையே திருத்தியது. 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று ஒரு வகை வந்தது. மார்ஃபின், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகள் அதில் சேர்ந்தன. இவற்றுக்கு நாடு முழுக்க ஒரே விதி. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு நாலைந்து லைசன்ஸ் தேவையில்லை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே ஒப்புதல் போதும். திருவனந்தபுரம் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கித் தந்தது இது.

"விதியைத் தளர்த்தினால் போதைக்காரன் நுழைந்துவிடுவான்" என்பார்கள். பயம் நியாயம்தான். 2024 பிப்ரவரியில் புனே போலீஸ் பக்கத்துக் குர்கும்பில் மெஃபட்ரோன் தயாரித்த தொழிற்சாலையையே பிடித்தார்கள். அவர்கள்மேல் சட்டம் பாயட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த வியாபாரி எந்த லைசன்ஸ் கேட்டும் வரிசையில் நின்றதில்லை. வரிசையில் நின்று திரும்பிப் போனவர்கள் எல்லாம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காரர்கள்.

என்னைக் கேட்டால், 2014 திருத்தம் பாதி வேலைதான். கொடுக்கலாம் என்று சொன்ன சட்டம், கொடுக்காதவரைக் கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியும் இந்த அங்கீகாரத்தை வாங்கியே ஆக வேண்டும், இருப்பு இல்லையென்றால் காரணம் எழுத வேண்டும் என்று ஆக்க வேண்டும். ஒழுங்காகப் பதிவேடு வைத்து மருந்து எழுதிய டாக்டர் மேல், மேலதிகாரி அனுமதி இல்லாமல் போலீஸ் கை வைக்கக் கூடாது. அப்போதுதான் கவுண்டரில் இருப்பவர் தைரியமாக எடுத்துக் கொடுப்பார்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால், ஆபரேஷன் செலவு விசாரிக்கும்போதே வலி நிவாரண சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர், இருக்கிறதா, மார்ஃபின் வைத்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். கடைசி மாதத்தில் கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும். புனேவாசிகளுக்கு வார்ஜேயில் 1997 முதல் சிப்லா மையம் இலவசமாகவே பார்க்கிறது. ஊரில் இருக்கும் உங்கள் பெற்றோருக்கு எது பக்கம் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.