புரொபேட் பயமும் பெண்மக்களின் பங்கும்

மேல்மலையனூர், செஞ்சி வட்டாரத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "உயில் எழுதினால் மௌத்துக்குப் பிறகு கோர்ட்டில் புரொபேட் வாங்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். அதனால் இப்போதே நிலத்தை மகன் பெயருக்கு எழுதிவிடுங்கள்" என்று பெரியவர்களிடம் சிலர் ஓதுகிறார்கள். பயந்துபோன தகப்பனும் கைரேகை வைத்துவிடுகிறார்.

சகோதரர்களே, இந்தப் பயத்துக்கு ஆதாரம் என்ன? உயில் மெய்யானது என்று நீதிமன்றம் கொடுக்கும் சான்றுதான் புரொபேட். 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. முஸ்லிம்களின் உயிலுக்கு இது பொருந்தாது என்று அதே பிரிவு சொல்லியும் வைத்தது! தமிழகத்தில் ஹிந்து சகோதரர்களுக்குக்கூட, சென்னை நகரில் எழுதிய உயிலுக்கும் நகருக்குள் இருந்த சொத்துக்கும்தான் அந்தக் கட்டாயம் இருந்தது. மேல்மலையனூர் மல்லாட்டைக் கொல்லைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவில் புரொபேட் செலவுக்கு அஞ்சி, உயிரோடு இருக்கும்போதே ட்ரஸ்ட் ஏற்படுத்துகிறார்கள். அது அவர்கள் நோய்க்கு மருந்து. நோயே இல்லாத நாம் ஏன் குடிக்க வேண்டும்?

ஹிபா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொடுத்தேன் என்று சொல்வது, ஏற்றேன் என்று சொல்வது, சொத்தைக் கையில் ஒப்படைப்பது, இந்த மூன்றும் இருந்தால் ஹிபா நிறைவேறிவிடும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 129-வது பிரிவு இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. எழுத்தில் இருந்தாலும் பதிவு கட்டாயமில்லை என்று ஹபீஸா பீபி வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பத்திரத்தை மட்டும் மகனிடம் கொடுத்துவிட்டு, குத்தகையைத் தானே வாங்கிக்கொண்டு, பட்டாவையும் தன் பெயரிலேயே வைத்திருந்தால் அந்த ஹிபா கோர்ட்டில் நிற்பது கஷ்டம். மரணப் படுக்கையில் கொடுத்ததோ, உயிலைப் போலவே மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும்.

உண்மையில் பலர் ஓடுவது புரொபேட்டுக்குப் பயந்தல்ல, மகளின் பங்குக்குப் பயந்து! நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தகப்பனார் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக இருக்கக் கேட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாயா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். இந்த ஹதீஸை மேடையில் சொல்கிறோம், பத்திர ஆபீஸில் மறந்துவிடுகிறோம்.

நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1937-ம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது உண்மைதான். 1949-ல் சென்னை மாகாணம் அதைத் திருத்தி, விவசாய நிலத்தையும் ஷரீஅத்துக்குள் கொண்டுவந்தது. ஆகவே நம் ஊர்ப் புஞ்சையிலும் நஞ்சையிலும் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு உண்டு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. நகை போட்டு நிக்காஹ் செய்து கொடுத்தாயிற்று என்பதால் இந்தப் பங்கு அழிந்துவிடாது.

நாமினி விஷயத்திலும் இதே குழப்பம்தான். பாலிசியில் பெயர் இருப்பவருக்கே எப்போதும் பணம் சொந்தம் என்று நினைக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொள்பவர் மட்டுமே, அது வாரிசுகளுக்குச் சேர வேண்டும் என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2015-ல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்த விதி அப்படியே பொருந்தாது. அதற்காக நாமினி போடாமல் விடாதீர்கள். நாமினி இல்லாத வங்கிப் பணத்துக்கு வாரிசுரிமைச் சான்று கேட்டு நீதிமன்றம் போக நேரலாம். இந்தச் சான்று முஸ்லிம்களுக்கும் பொருந்தும்.

எழுத வேண்டியதை எழுதுங்கள். மனைவிக்குக் கொடுக்காத மஹர் எவ்வளவு, யாருக்குக் கடன், எந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம், மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். பங்கு பிரிக்குமுன் தீர்க்க வேண்டியவை கடனும் வஸிய்யத்தும். பேரப்பிள்ளை அனாதையாக நின்றால், வாரிசல்லாத அந்தப் பிள்ளைக்கு மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத் எழுதி இரண்டு சாட்சி வையுங்கள். வாரிசுக்கே எழுதினால், உங்களுக்குப் பிறகு மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். தாலுகா ஆபீஸ் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும், பங்கைச் சொல்லாது. பங்கை ஆலிமிடம் கணக்குப் போட்டு வாங்கி, பெண்மக்களையும் உட்காரவைத்துப் பாகப்பிரிவினையை எழுதிப் பதிவு செய்யுங்கள்.