கோலுக்குப் பின்னால் 36 மீட்டர்

2018 மார்ச் 13. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். அரையிறுதி. சென்னையின் எஃப்.சி. கோவாவை 3-0 என்று துவைத்து எடுத்த நாள். இரண்டாவது கோலை அடித்தது தனபால் கணேஷ். நம்ம வியாசர்பாடி! வடசென்னைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்று வேண்டும் சாமி, அந்தக் கோல் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அங்கே மேட்ச் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை. கொஞ்சம் கணக்குப் போடலாமா? 400 மீட்டர் ஓடுபாதை என்றால், நியமப்படி அதன் உள்பக்க நீளம் சுமார் 157 மீட்டர். கால்பந்துக் களம் 105. மிச்சத்தில் பாதி 26. எட்டு லேனுக்கு இன்னொரு 10. ஆக, கோல் கம்பத்துக்கும் முதல் வரிசைக்கும் நடுவே குறைந்தது 36 மீட்டர். மூன்று மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தலாம்! பக்கவாட்டில் 12 மீட்டர்தான், பரவாயில்லை. ஆனால் கோல் விழுவது பக்கவாட்டிலா?

உடனே ஒருத்தர் வருவார், "அப்போ ஓடுறவங்க எங்க போவாங்க?" என்று. நியாயம்தான். 1993 நேரு கோப்பையும் இங்கேதான், 1995 தெற்காசியப் போட்டிகளின் தடகளமும் இங்கேதான். ஓடுபாதையைப் பெயர்த்து எறியுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. சிங்கப்பூரில் 2014-ல் திறந்த தேசிய அரங்கில், கால்பந்து நாளில் கீழ்வரிசை இருக்கைகளே ஓடுபாதையின் மேல் நகர்ந்து வந்துவிடும். (அங்கேயும் முதல் வருடம் புல் சரியாக வளராமல் மானம் போனது தனிக்கதை. நெய்மார் அதே தரையில்தான் ஜப்பானுக்கு நாலு கோல் அடித்தார்.)

நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். கோலுக்குப் பின்னால், ஓடுபாதைக்கு உள்ளே, அரைவட்டமாக ஓர் இடம் கிடக்கிறதே, லீக் நாளில் அங்கே யாரும் உயரம் தாண்டப் போவதில்லை. பலகை விரித்துக் கழற்றி மாட்டும் இரும்பு கேலரி போட்டால் முடிந்தது. மாநாட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாக மேடை எழுப்பும் ஊர் ஐயா இது!

2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் வீழ்த்தியதே, அந்த ஒரே கோலும் வியாசர்பாடி நந்தகுமாருடையது. அது கொல்கத்தா, டிவியில் பார்த்தோம், சரி. சொந்த ஊர் ஸ்டேடியத்துக்குக் காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் இறங்கி, நடந்து போய், டிக்கெட்டும் வாங்கி, கோல் அடித்தது யார் என்று பக்கத்து சீட்டில் கேட்க வேண்டுமா? அடுத்து இந்த அரங்கத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, வி.ஐ.பி. சோபாவுக்கு முன்னால் அந்த கேலரியைப் போடுங்கள்.